முன்பல்லில் ஒரு வெள்ளைப் புள்ளி

ஊரில் பாதிப் பேரின் பல்லை ஒரே விரலால் பிடுங்கிய பெருமை ஷேடு மாமாவுக்கு உண்டு. குறடு இல்லை, ஊசி இல்லை, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. மவுஸ் பொத்தானில் ஒரு தட்டு, அவ்வளவுதான்.

மாமா பல் டாக்டர் அல்ல. டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற பற்களைச் செய்துகொடுக்கும் லேபில் வேலை பார்ப்பவர். லேப் அவருடைய அக்காவுக்குச் சொந்தம். ஒற்றைப் பல்லுக்கு மாட்டும் கேப்பிலிருந்து முழுப் பல்செட்டு வரைக்கும் அங்கே உருவாகும். அவற்றுக்கு நிறம், தொழில்மொழியில் ஷேடு, சேர்ப்பது மாமாவின் பொறுப்பு. பல் வெள்ளை என்று நினைப்பவர்கள் பல்லைப் பார்த்ததே இல்லை என்பார். ஈறோரம் மஞ்சள், நுனியில் சாம்பல், டீ குடிப்பவர்களுக்கு இடுக்கில் கொஞ்சம் பழுப்பு. அந்தப் பழுப்பையும் மதித்து வைத்தால்தான் செய்த பல் முளைத்த பல்லோடு உறவு கொண்டாடும். சட்டைப்பையில் எப்போதும் ஷேடு அட்டை இருக்கும்: வரிசையாகப் பல் மாதிரிகள் பொருத்திய சின்னப் பட்டை. பஸ்ஸில் எதிரே யாராவது கொட்டாவி விட்டால்கூட அவர் கை சட்டைப்பைக்குப் போகும்.

அன்றைக்கு ஒரு மெயில் வந்தது. பல வருஷமாக வேலை கொடுக்கும் டாக்டரின் பெயரில். 'முன்பல் நிறம் சேரவில்லை. பேஷண்ட் அழுகிறார். படம் இணைத்திருக்கிறேன்.'

மாமாவைச் சோம்பேறி என்று சொல்லலாம், கஞ்சன் என்று சொல்லலாம். "அதுவும் உண்மைதான்" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நிறம் சேரவில்லை என்று மட்டும் சொல்லக் கூடாது. மனிதர் பதறிவிட்டார். தன் மேஜைக் கம்ப்யூட்டரிலேயே திறந்திருக்கலாம். ஆனால் அந்தத் திரைக்குக் காமாலை. எந்தப் பல்லைக் காட்டினாலும் மஞ்சளாகத்தான் காட்டும். நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் திரை லேபில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதுதான் எல்லாருடைய வாயின் ஸ்கேனும் இருக்கும் பெரிய கம்ப்யூட்டர். அதன் நெற்றியில் 'இதில் மெயில் திறக்கக் கூடாது' என்று ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. பசை விட்டுப்போய்த் திரையின் மேல் பாதி தொங்கிக்கொண்டிருந்தது. மாமா அந்தக் காகிதத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெயிலைத் திறந்தார். படம் முழுசாகத் தெரிய வேண்டாமா?

படம் தெரியவில்லை. திரை ஒரு தடவை கண் சிமிட்டியது. பிறகு கறுப்புப் பின்னணியில் ஒரு செய்தி வந்து நின்றது. உங்கள் கோப்புகள் எல்லாவற்றையும் பூட்டிவிட்டோம், சாவி வேண்டுமானால் பிட்காயினில் பணம் அனுப்புங்கள், எந்த முகவரிக்கு என்பது கீழே இருக்கிறது.

முகவரி என்றால் தெருவும் கதவு எண்ணும் இருக்கும் என்றுதான் மாமா நினைத்தார். எழுத்தும் எண்ணும் கலந்து, பூனை கீபோர்டில் நடந்ததுபோல நீளமாக ஒன்று இருந்தது.

அடுத்து வந்த நாட்களில் லேபின் போன் ஓயவில்லை. பாதி முடிந்த பற்களெல்லாம் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டன. வழக்கில் வாதாட வேண்டிய வக்கீல் ஒருவர், வாய் இல்லாததால் வாய்தா வாங்கினார். ஒரு பாட்டு டீச்சர் போனில் "ஸ்ஸ்" என்று ஏதோ சொன்னார். திட்டினார் என்பது மட்டும் புரிந்தது. எல்லா அழைப்பையும் மாமாவே எடுத்தார். "ஆமாங்க, அந்த முட்டாள் நான்தாங்க பேசறேன், சொல்லுங்க." எதிர்முனையில் முதலில் கோபம், பிறகு சிரிப்பு. தன்னைத் தானே முதலில் அடித்துக்கொண்டால் அடுத்தவர்கள் கை ஓங்க மாட்டார்கள். இது மாமாவின் வாழ்நாள் கண்டுபிடிப்பு.

அக்கா மட்டும் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "பல்லுப் போனா சொல்லுப் போச்சும்பாங்க. நம்ம சொல்லு போகாம பாத்துக்கணும்டா தம்பி" என்று மட்டும் சொன்னாள். பல்லைச் சுட்டெடுக்கும் புதுச் சூளை வாங்க அவள் சேர்த்து வைத்திருந்ததுதான் கையில் இருந்தது. பழைய சூளையில் சூடு ஒரு சீராக ஏறாது. பத்துக்கு ஒன்று விரிசல் விடும்.

கம்ப்யூட்டர் விஷயம் என்றால் அந்த வீட்டில் கூப்பிடுவதற்கு ஒரே ஆள்தான். அக்காவின் மகன், மாமாவின் மருமகன். லேபின் கம்ப்யூட்டர்களை வாங்கி, இணைத்து, நெற்றியில் காகிதமும் ஒட்டியவன் அவன்தான். முப்பதை நெருங்கியவன், தனியாக அறை எடுத்து இருந்தான். வீட்டிலிருந்தே ஏதோ வேலை செய்தான். என்ன வேலை என்று கேட்டால், "சும்மா இருக்கறதுக்குச் சம்பளம் குடுக்கறாங்க மாமா, உங்களுக்கும் சொல்லி வைக்கட்டுமா?" என்பான்.

வந்து பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான்.

"குடுத்துடலாம் மாமா. வேற வழி இல்ல."

"போலீசுக்குப் போனா?"

"போய்? இது பிட்காயின். கடல்ல கரைச்ச பெருங்காயம். அவங்க வலை வீசி என்னத்தைப் பிடிக்கப் போறாங்க?"

"தொறந்தது நான்டா மாப்ள. சும்மா விட்டா எனக்குத் தூக்கம் வராது."

"உங்களுக்கா? நீங்க ஷேடு பாத்துக்கிட்டே தூங்கற ஆளாச்சே."

மாமா சிரித்தார். அக்கா பணத்தைக் கொடுத்தாள். அதை பிட்காயினாக மாற்றி அனுப்பியதும் மருமகன்தான். சாவி வந்தது, பெரும்பாலான கோப்புகள் திறந்தன. சில திறக்கவே இல்லை. அந்த வாய்களுக்குச் சொந்தக்காரர்களை மறுபடி கூப்பிட்டு அளவெடுத்தார்கள். முழுப் பல்செட்டுக்குக் காத்திருந்த ஒரு பெரியவர் மட்டும் வரவில்லை. மகள் போனில், "அப்பா கடைசி வரைக்கும் கஞ்சிதான் குடிச்சாரு. இப்ப அளவு வேண்டாங்க" என்றாள். அந்த அழைப்பில் மாமாவுக்கு ஜோக் எதுவும் வரவில்லை. போனை வைத்துவிட்டு, அவருக்காக வைத்திருந்த பல் வரிசையைத் துணியில் சுற்றி இழுப்பறையில் வைத்தார். மறுநாள் யாரிடமும் கேட்காமல் போலீசுக்குப் போனார்.

சைபர் பிரிவில் அவருடைய புகாரை எடுத்தது ஒரு பெண் அதிகாரி. மகள் வயதிருக்கும். மேஜையில் ஆரஞ்சுச் சுளைகளை வரிசையாக உரித்து வைத்துக்கொண்டு, வேலையின் நடுவே ஒவ்வொன்றாகத் தின்பவர். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"இது கடல்ல கரைச்ச பெருங்காயம்னு சொல்றாங்களேம்மா?" என்று கேட்டார் மாமா.

"யார் சொன்னா? பெருங்காயம் கரையும் சார். வாசனை போகாது." திரையை அவர் பக்கம் திருப்பினார். வட்டங்களும் அம்புகளுமாக ஒரு படம். "நீங்க அனுப்பினது இங்க இருக்கு. இங்கேருந்து இங்க போச்சு. இதெல்லாம் ரகசியம் இல்ல. உலகத்துல யாரு வேணா பாக்கலாம். அழிக்கவும் முடியாது. பேர் மட்டும்தான் இருக்காது. முகமூடி போட்டுக்கிட்டு ஈர சிமெண்ட்ல நடக்கற மாதிரி."

"அப்ப நோட்டாக் கேட்டிருந்தா தப்பிச்சிருப்பானா?"

"பையில நோட்டு வாங்கிட்டு ஓடியிருந்தா எனக்கு இதைவிடக் கஷ்டம்தான்" என்று ஒரு சுளையை வாயில் போட்டார்.

மாமாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அன்றிலிருந்து அடிக்கடி அங்கே போய் உட்கார்ந்தார். பெரும்பங்கு பல பாதைகளில் சிதறி எங்கோ தூர தேசத்துக்குப் போய்விட்டது. அதைத் திரும்பப் பிடிப்பது கஷ்டம் என்று அதிகாரி ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வழியிலேயே ஒரு சின்னப் பங்கு கிளை பிரிந்து, தனியாக ஒரு வட்டத்தில் போய்ப் படுத்திருந்தது.

"இது உள்ளூர்ப் பங்கு சார். இந்த மாதிரிக் கும்பலுக்கு யாராவது உள்ள இருந்து கதவைக் காட்டுவாங்க. அதுக்குக் கூலி. எப்பவாவது இதைக் காசாக்கணும்ல? காசாக்கற இடத்துல முகத்தைக் காட்டித்தான் ஆகணும்." பிறகு அவரை நேராகப் பார்த்தார். "எந்த மெயில் அனுப்பினா நீங்க யோசிக்காம திறப்பீங்கன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"என்கிட்டப் பல்லு வாங்கின எல்லாருக்கும் தெரியும்மா. அதாவது ஊருக்கே."

அதிகாரி சிரிக்கவில்லை. அவரைச் சிரிக்க வைக்க முடியாதது மாமாவுக்கு லேசான குறைதான்.

அக்கா வேண்டாம் என்றாள். "போனது போகட்டும், விடுடா." மருமகனும் சொன்னான். "ஷேடு மாமா இப்ப துப்பறியும் மாமாவா? தொப்பி வாங்கித் தரட்டுமா?" சிரித்துக்கொண்டேதான் சொன்னான். அவன் அந்த நாட்களில் வழக்கத்தைவிட அதிகமாக லேபுக்கு வந்தான். அம்மாவுக்குப் பழம் வாங்கி வந்தான். பழைய சூளையின் வயரைக்கூட மாற்றிக் கொடுத்தான். மாமா தன் முட்டாள்தனத்தை வந்தவர்களிடம் நடித்துக் காட்டும்போது, காகிதத்தைத் தூக்கிப் பிடித்த அந்தக் கட்டம் வந்ததும், எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மருமகன் மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போவான். தாகம் போலிருக்கிறது என்று மாமா நினைத்துக்கொண்டார். பல்லைப் பார்க்கத் தெரிந்த அளவுக்கு மனிதருக்கு முகம் பார்க்கத் தெரியாது.

ஒரு வெள்ளிக்கிழமை அதிகாரி கூப்பிட்டார்.

"படுத்திருந்த வட்டம் எழுந்து நடந்துடுச்சு சார். பிட்காயினைக் காசா மாத்தற கம்பெனிகிட்ட கோர்ட்டு ஆர்டர் காட்டிக் கேட்டேன். கணக்கு ஆரம்பிச்ச ஆளோட படம் அனுப்பியிருக்காங்க. பேரும் அடையாள அட்டையும் போலி. ஆனா கேமராவுக்கு முன்னாடி நிஜ ஆள் உட்காரணும். தலையைத் திருப்புன்னு மிஷின் சொல்லும், சிரின்னு சொல்லும். சிரிச்சுத்தான் ஆகணும்."

படம் மங்கலாக இருந்தது. பாதி முகத்தைத் தாடி மூடியிருந்தது. தடித்த கண்ணாடி, அதில் திரையின் வெளிச்சம் பட்டுக் கண்ணே தெரியவில்லை. தொப்பி. யாராகவும் இருக்கலாம். ஆனால் சிரிக்கச் சொல்லியிருக்கிறார்கள், சிரித்திருக்கிறான். மேல் வரிசையில் இரண்டு முன்பற்கள். இரண்டிலும், நுனிக்குச் சற்று மேலே, கடுகைவிடச் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி.

ஒரு புள்ளி கடவுள் வைத்தது. இன்னொன்று மாமா வைத்தது.

மருமகன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒரு சாயங்காலம் பாதிப் பல்லோடு வந்து நின்றான். "எப்படிடா உடைஞ்சுது?" என்று கேட்டதற்கு, "பூமிக்கு ஒரு முத்தம் குடுத்தேன் மாமா, அது திருப்பிக் கடிச்சிடுச்சு" என்றான். உதடு கிழிந்திருந்தது, சட்டையில் பொத்தான்கள் இல்லை. மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தப் பதில் அவ்வளவு பிடித்துப்போயிற்று. அப்பா இல்லாத பையன், அழாமல் ஜோக் அடிக்கிறானே என்று பெருமை வேறு. அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். 'பதில் தெரியலன்னா சிரிக்க வச்சுடுடா, கேட்டவன் கேள்வியை மறந்துடுவான்.' மறந்துவிட்டார். இரண்டாவது தடவை கேட்கவே இல்லை. அவனுக்குப் பல் செய்து கொடுத்தார். பக்கத்துப் பல்லில் இருந்த புள்ளியைப் பார்த்து, அதே இடத்தில் அதே அளவில் ஒரு புள்ளி வைத்தார். இன்றுவரை அவர் செய்ததில் அதுதான் சிறந்த பல். யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று சொல்லிக்கொள்வார்.

"தெரியுதா சார்?"

"படம் தெளிவா இல்லையேம்மா."

"ஆமாவா இல்லையா, அதைச் சொல்லுங்க."

"எனக்கு முகம் நினைவிருக்காதும்மா. பல்லுதான்..." என்று ஆரம்பித்தவர், தான் சொல்ல வந்தது என்ன என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அதிகாரி கையிலிருந்த சுளையைக் கீழே வைத்தார். அவசரப்படவில்லை.

"திங்கக்கிழமை லேபுக்கு வர்றேன். உங்க அக்காகிட்டயும் மத்தவங்ககிட்டயும் இதைக் காட்டணும். அதுக்குள்ள அந்த ஆளே வந்து நின்னா, தானா வந்தார்னு எழுதுவேன். நாங்க தேடிப் போனா அதையும் எழுதுவேன். ரெண்டுக்கும் கோர்ட்டுல வித்தியாசம் உண்டு சார்."

வெளியே வெயில் கொளுத்தியது. மாமா பஸ்ஸுக்குக் காத்திராமல் நடந்தார். ஒரு தடவை திறந்து திருடனை உள்ளே விட்டாயிற்று. அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் பணத்தோடு போயிருக்கும். இப்போது தானே மோப்பம் பிடித்து, கூடவே நடந்து, சொந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது ஒரு வாய். இவர் ஊர் வாயையெல்லாம் வைத்துப் பிழைத்தவர்.

மறுநாள் மத்தியானம் மருமகனின் அறைக்குப் போனார். வேண்டுமென்றேதான் மத்தியானம். டியூப்லைட்டில் நிறம் பார்த்தால் ஏமாந்து போவோம், சூரிய வெளிச்சத்தில் ஜன்னலோரம்தான் பார்க்க வேண்டும் என்பது அவர் தொழிலின் முதல் விதி.

கதவைத் திறந்தவன் மழுமழுவென்று சவரம் செய்திருந்தான். மேஜையில் மூன்று திரைகள், மூன்றும் அணைந்திருந்தன. கட்டிலில் மடிக்காத துணிகள். ஜன்னல் விளிம்பில் காய்ந்த டீ டம்ளர்கள்.

"என்ன மாமா, துப்பறிய வந்தீங்களா? சொல்லியிருந்தா ரூமைச் சுத்தம் பண்ணித் தடயத்தை அழிச்சிருப்பேனே."

"ஷேடு பாக்கணும்" என்றார் மாமா. "உன் கேப்பு பழசாயிடுச்சு. மாத்தற நேரமான்னு பாக்கணும். ஜன்னல்கிட்ட வா."

"இப்பவா?"

"வெளிச்சம் போயிடும், வாடா."

அவன் சிரித்துக்கொண்டே வந்து நின்றான். மாமா அவன் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "ஆ காட்டு." சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து, பல்லருகே வைத்தார். இரண்டு புள்ளிகளும் அங்கேயே இருந்தன. பல் கொஞ்சமும் நிறம் மாறவில்லை. மாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது.

வாய் திறந்திருக்கும்போது யாராலும் ஜோக் அடிக்க முடியாது. அதற்காகத்தான் வந்தார்.

"பேசாத. ஷேடு பாக்கும்போது பேசக் கூடாது" என்றார். அவர் குரல் அவருக்கே புதிதாக இருந்தது. "நேத்து ஒரு படம் பாத்தேன். தாடி, கண்ணாடி, தொப்பி. எவன் பேரோ போட்டிருந்தது. சிரின்னு சொல்லியிருக்காங்க, அவனும் சிரிச்சிருக்கான். அந்த ஆபீசரம்மாவுக்கு யாருன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சுது. தெரியலன்னு பொய் சொல்லிட்டு வந்தேன். அதுவும் ஒழுங்கா வரல."

அவன் மோவாய் அவர் விரல்களுக்குள் ஆடியது. மாமா விடவில்லை.

"திங்கக்கிழமை உங்கம்மாகிட்ட அந்தப் படத்தை நீட்டுவாங்க. அவ உன்னைப் பெத்தவ. தாடியும் கண்ணாடியும் அவளுக்கு ஒரு பொருட்டா? அவங்க காட்டி அவ தெரிஞ்சுக்கறது ஒண்ணு. நீ சொல்லித் தெரிஞ்சுக்கறது வேற. எதுக்கு உனக்குப் பணம் வேணும்னு நான் கேக்க வரல. கேட்டிருக்கணும், அப்பவே. இந்தப் பல்லு உடைஞ்ச அன்னிக்கு, யாருடா அடிச்சான்னு கேட்டிருக்கணும். நான் சிரிச்சேன். மறுபடி ஒரு தரம் கேட்டிருந்தா நீ சொல்லியிருப்ப. எனக்கு ஜோக்கு பிடிச்சுப்போச்சு. அதுக்கு மேல கேக்கத் தோணல."

அவன் கண்கள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தன. திறந்த வாயின் ஓரத்தில் எச்சில் சேர்ந்து வழியத் தொடங்கியது. மாமா கைக்குட்டையால் துடைத்துவிட்டார், பல் செய்துகொள்ள வந்த குழந்தைக்குத் துடைப்பதுபோல.

"எல்லார்கிட்டயும் நான்தான் முட்டாள்னு சொல்லிச் சிரிக்க வச்சேன். நீ தண்ணி குடிக்கப் போவ. தாகம்னு நினைச்சேன்டா."

கையை எடுத்தார். அட்டையைச் சட்டைப்பையில் போட்டார். முதல் தடவை பை தவறி அது தரையில் விழுந்தது. குனிந்து எடுத்து மறுபடி போட்டார்.

"இப்ப வாயை மூடிக்கலாம். ரெண்டே கேள்வி. ஜோக்கு வேண்டாம், என்கிட்டயும் இன்னிக்கு ஸ்டாக்கு இல்ல. அந்த மெயில எழுதினது நீயா? திங்கக்கிழமை வரைக்கும் சும்மா இருக்கப் போறியா?"

மருமகனின் உதட்டோரம் லேசாக வளைந்தது. வழக்கமான ஜோக் ஒன்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது என்று மாமாவுக்குத் தெரிந்தது. அந்த வளைவை அவர் கண்ணாடியில் தினமும் பார்க்கிறவர். வந்தது அப்படியே நின்றது. பிறகு உதடு நேராயிற்று.

"நான்தான் மாமா" என்றான். "ஷேடு சேரலன்னு எழுதினா நீங்க அந்த ஸ்க்ரீன்லதான் தொறப்பீங்கன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் எழுதினேன். திங்கக்கிழமை வரைக்கும் வேண்டாம். இப்பவே அம்மாகிட்டப் போலாம், நானே சொல்றேன்."